நுண்பாசியில் ஒளிர்வு அளக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வெளிச்சம் ஏறி இறங்கும்போது நுண்பாசி ஆற்றலை எப்படிச் சமன் செய்கிறது என்று பார்க்க, புதிதாக வருகிறவர்கள் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியை எடுத்துக்கொண்டு, பச்சையத்தின் ஒளிர்வை அளக்கும் பேம் கருவியிடம் நேராகப் போகிறார்கள். கல்ச்சரில் பாக்டீரியா புகுவது போன்றவை இரண்டு தடவையில் தானே பழகிவிடும், அதை விடுங்கள்.

இலைக்கான முறையைப் பாசிக்குப் போடுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இலையை அரை மணி நேரம் இருட்டில் வைத்து எஃப்வி/எஃப்எம் எடுப்பது சரி (எஃப்எம் என்பது உச்ச ஒளிர்வு; இந்த விகிதம் இரண்டாம் ஒளித்தொகுதி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும்). பாசியை அப்படியே மூடிய குழாயில் அசைக்காமல் வைத்தால், செல்கள் சுவாசித்துச் சுவாசித்து உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், கல்ச்சர் அடர்த்தியாக இருந்தால் வெகு சீக்கிரமே. அப்புறம் எலக்ட்ரான்கள் அவற்றைக் கடத்தும் பிளாஸ்டோகுயினோனில் தேங்க, எஸ்டிடி7 கைனேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கி, ஒளி பிடிக்கும் ஆன்டெனாவில் ஒரு பகுதியை இரண்டாம் ஒளித்தொகுதியிலிருந்து கழற்றிவிடும். எஃப்எம் இறங்கும். 0.7ஐ ஒட்டி வர வேண்டிய எண் சரியும், ஆனால் எதுவும் பழுதாகியிருக்காது.

ஒரு மாணவி இந்த எண்ணை நம்பி, தன் மியூட்டன்ட்டில் (மரபணு மாறிய வகையில்) இரண்டாம் ஒளித்தொகுதியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஆன்டிபாடி வாங்கி புரத அளவைப் பார்க்க மாதக்கணக்கில் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினார். புரதம் குறையவே இல்லை. மியூட்டன்ட் கல்ச்சர் மற்றதைவிட அடர்ந்து வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். காற்றுப் படும்படி குலுக்கி, மங்கலான தொலைசிவப்பு ஒளியில் கொஞ்ச நேரம் வைத்து அளந்ததும் இரண்டுக்கும் வித்தியாசம் போய்விட்டது. அவருடைய உழைப்பை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இதே எஃப்எம்மை வைத்து என்பிக்யூ (மிகையான ஒளியாற்றலைச் செல் வெப்பமாக வெளியேற்றுவதன் அளவு) போட்டால் விடை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். அப்படி வந்தால் கருவியைத் திட்டாமல் குழாயைப் பாருங்கள்.

மங்கலில் வளர்த்த செல்லில் என்பிக்யூ தேடுவது

இலையில் என்பிக்யூவுக்கு வேண்டிய பிஎஸ்பிஎஸ் புரதம் எப்போதும் தயாராக இருக்கும். கிளாமிடோமோனாஸ் இதற்கு நம்பியிருப்பது எல்எச்சிஎஸ்ஆர்3 என்ற வேறு புரதத்தை. அது பலத்த வெளிச்சத்தில் சில மணி நேரம் இருந்தால்தான் சேரும். ஊடகத்தில் அசிடேட் இருந்தால் அதுவும் குறையும்.

லக்ஸ் மீட்டர்

வெளிச்சத்தை அளக்க இது வேண்டாம். அது மனிதக் கண்ணுக்கானது.

எலக்ட்ரான் ஓட்டம் கூடினால் வளர்ச்சியும் கூடியது என்று எழுதுவது

கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சிக்கு 2 என்ஏடிபிஎச்சுக்கு 3 ஏடிபி வேண்டும் (ஒளியிலிருந்து கிடைக்கும் இரண்டு ஆற்றல் மூலக்கூறுகள்). எலக்ட்ரான் நீரிலிருந்து என்ஏடிபிஎச்சுக்குப் போகும் நேர் ஓட்டம் மட்டும் அவ்வளவு ஏடிபி தராது; குறையை, எலக்ட்ரான் முதலாம் ஒளித்தொகுதியைச் சுற்றியே வரும் சுழல் ஓட்டமோ மைட்டோகாண்ட்ரியாவோ நிரப்பும். சில எலக்ட்ரான்கள் திரும்ப ஆக்சிஜனிடமே போய்ச் சேரும். அதனால் ஒளிர்வோடு ஆக்சிஜனையும் அளங்கள், அதே கல்ச்சரில், அதே வெளிச்சத்தில்.