ஓரிதழ் வேறு, ஓரிலை வேறு

எங்க அம்மிச்சிக்கு (அம்மாவைப் பெற்றவருக்கு) நீர்க்கடுப்பு வந்தால் ஓரிதழ்தாமரைதான் வேண்டும். போன வருஷம் கோரையாற்றுக் கரைக்குப் போய்ப் பறிக்க எனக்கு நேரமில்லை. பாலக்காட்டில் ஒரு பச்சமருந்துக் கடையில் கேட்டேன். குட்டிக் குட்டிக் கிழங்காக அள்ளிக் கொடுத்தார்கள். அம்மிச்சி ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இது அதில்ல கண்ணு" என்று பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. மலையாளத்தில் 'ஓரிலத்தாமர' என்றால் அது ஓர் ஆர்க்கிட். காட்டு நிழலில், கிழங்கிலிருந்து இதய வடிவத்தில் ஒரே ஓர் இலை எழும்பும். பூக்கும்போது அந்த இலையும் இருக்காது. நமக்கு வேண்டியது ஒற்றை இதழ். எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்தே பேசுவதால், பேரைச் சொல்லி வாங்குவதைவிடச் செடியைக் கண்ணால் அறிந்து வைப்பதுதான் நல்லது.

மழை பெய்து நாலைந்து வாரம் கழித்துப் போங்கள். பனைமரங்களுக்கு நடுவே, ஆற்றோரத்து மணல் தரையில், கணுக்காலிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் தேடுங்கள். இலை ஒடுங்கி நீண்டிருக்கும், காம்பு இருப்பதே தெரியாது, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தண்டில் அடுக்கியிருக்கும். ஓரத்தில் சின்ன ரம்பப்பல் உண்டு. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த மாதிரி இலை புல்லுக்குள் நிறைய.

பூதான் சாட்சி. இலைக்கக்கத்தில் மெல்லிய காம்பில் ஒவ்வொன்றாகத் தொங்கும். ரோஸ் கலந்த ஊதா நிறத்தில், சுண்டுவிரல் நகம் அளவு ஒரே இதழ்தான் கண்ணில் படும். அடி ஒடுங்கி, நுனி அகன்று, சின்னக் கரண்டி கவிழ்ந்த மாதிரி. குனிந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இதழ் ஒன்றல்ல, ஐந்து. மற்ற நாலும் மேலே குறுகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரிய இதழின் அடியில் பின்பக்கம் குட்டிப் பை மாதிரி ஒரு புடைப்பு தெரியும். வயலட் குடும்பத்துச் செடி இது; 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பேரும் வயோலா என்றே தொடங்கியது. அதன் பின்பாதி 'எனியஸ்பெர்மா', ஒன்பது விதை என்று பொருள்.

பூ உதிர்ந்திருந்தால் காயைப் பாருங்கள். உருண்டையாகத் தலைகீழாகத் தொங்கும், முற்றினால் மூன்றாகப் பிளக்கும். உள்ளே வெளிர் விதைகள், ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் கோடுகள்.

அடையாளம் உறுதியானாலும் வேரோடு பிடுங்காதீர்கள். வேர்த்தூர் கட்டைபோல் கெட்டியாகி வருஷக்கணக்கில் நிற்கும். நான் தரைக்கு இரண்டு விரல் மேலே கத்தரித்து, பக்கத்தில் ஒரு கல் வைத்துவிட்டு வருவேன். சென்ற ஆனியில் கல்லைத் தேடிப் போனேன். அதே தூரில் ஏழு தளிர்.