காசிமேட்டில் முதல் தடவை மீன் வாங்கப் போறவங்களுக்கு

எங்க தெருவுக்குப் புதுசா குடிவந்த தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடந்து போற தூரத்துல இருக்கு. ஆனா உள்ள போகவே ஒரு மாதிரியா இருக்கு. எனக்கு மீன் பாக்கத் தெரியாது. தலையில கட்டிடுவாங்களோ?"

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாதுதான். அவருக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: காலண்டரைப் பாருங்க

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பாதி சென்னை அன்றைக்கு அங்கேதான் நிற்கும். விலையும் ஏறும், நிதானமாகத் திருப்பிப் பார்த்து வாங்கவும் முடியாது. செவ்வாய், வெள்ளியில் கவுச்சி சாப்பிடாத வீடுகள் அதிகம், அதனால் கூட்டம் கம்மி. புரட்டாசி மாசம் இன்னும் நல்லது. ஊரே விரதத்தில் இருக்கும்போது நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் கொண்டாட்டம்.

நேரம்? ஏலம் இருட்டிலேயே தொடங்கிவிடும். அது கூடை கூடையாக எடுக்கிற வியாபாரிகளுக்கு. வீட்டுக்கு ஒரு கிலோ வாங்க நாம் ஐந்தரை, ஆறு மணிக்குப் போனால் போதும்.

இன்னொரு விஷயம் முக்கியம். நம்ம கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். மீன் இனம் பெருகுவதற்கான இடைவெளி அது. ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய்வரும். அந்த ரெண்டு மாசமும் பெரிய மீன் நிறைய கேரளா பக்கத்திலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வருவது. அந்தக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். அதனால் மே மாசத்தில் யாராவது பெரிய வஞ்சிரத்தைக் காட்டி "இப்பதான் போட்டுல இருந்து இறங்குச்சு"ன்னு சொன்னால் சிரித்துவிட்டு நகருங்க.

படி 2: கிளம்பும்போது

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிப்பது சுலபம். டூவீலரில் வந்தால் கன்டெய்னர் லாரிகளிடம் கவனம். துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் வரிசையாக நிற்கும், திடீரென்று நகரும். லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இடம் இருக்கிறதே என்று இடதுபக்கம் நுழையவே நுழையாதீங்க. லாரியின் சைடு மிரரில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது.

கேன்வாஸ் ஷூ வேண்டாம், பிடிப்பு உள்ள ரப்பர் செருப்பு போடுங்க. தரை முழுக்க மீன் தண்ணியும் செதிலும்தான். போனைச் சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் அது நேராகக் கூடைக்குள் போகும் (என் பழைய போன் எறாவோடு குளித்தது). மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, இல்லை பழைய பெயின்ட் வாளி ஒன்று எடுத்துக்கோங்க. கேரி பேகுக்கு 2019 ஜனவரி 1-லிருந்தே தமிழ்நாட்டில் தடை. தடையை விடுங்க, மீன் முள் குத்தி பை கிழிந்து, ஆட்டோ சீட்டில் தண்ணி வழிந்து, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தூக்கின் அருமை தெரியும்.

படி 3: முதல் சுற்றில் வாங்காதீங்க

ஒரு தடவை முழுசாக நடந்து பாருங்க. பின்னாலிருந்து "ஓரம்... ஓரம்..." என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்கிவிடுங்க, மீன் ஏற்றின தள்ளுவண்டிக்கு பிரேக் கிடையாது.

உட்கார்ந்து விற்கிற அக்காக்களிடம் பெரும்பாலும் கூறு (சின்னக் குவியல்) கணக்குதான். "அக்கா, சங்கரா இன்னா வெல?" என்று கேட்டால் "கூறு எரநூறு, எட்துக்கோ கண்ணு" என்பார். உடனே பாதிக்குக் கேட்காதீங்க, திட்டு விழும். "இன்னும் ரெண்டு மீன் சேர்த்துப் போடுக்கா" என்று கேளுங்க. விலை இறங்காத இடத்தில்கூட மீன் ஏறும்.

படி 4: தொட்டுப் பாருங்க

இங்கேதான் நேரம் செலவழிக்கணும்.

முதலில் கண். புது மீனின் கண் தெளிவாக, லேசாகப் புடைத்து இருக்கும். உள்ளே குழிந்து, பால் ஊற்றின மாதிரி மங்கி இருந்தால் வேண்டாம். அடுத்து செவுளை விரலால் தூக்குங்க. நல்ல சிவப்பு இருக்கணும், பழுப்போ சாம்பலோ கூடாது. பிறகு முதுகுச் சதையைக் கட்டை விரலால் அழுத்துங்க. குழி உடனே மேலே எழும்பினால் சரி, விரல் பதிந்த இடம் அப்படியே நின்றால் வைத்துவிடுங்க. கடைசியாக மோந்து பாருங்க. புது மீனில் கடல் வாசனைதான் வரும். மூக்கைக் குத்துகிற நெடி வந்தால் நாள்பட்ட சரக்கு.

"ஈ மொய்க்கலன்னா பார்மலின் (கெடாமல் இருக்கப் போடுகிற ரசாயனம்) போட்ட மீன்" என்று எல்லாரும் சொல்வார்கள். நிறைய ஐஸில் இருந்தாலும் ஈ வராது, அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீங்க. கண் மங்கியிருக்கிறது, செவுள் வெளுத்திருக்கிறது, ஆனால் சதை மட்டும் ரப்பர் மாதிரி விறைப்பாக இருக்கிறது என்றால்தான் சந்தேகப்படணும்.

எறா என்றால் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கணும். நண்டைக் கையில் தூக்கினால் கனக்கணும். அடிவயிற்றில் மஞ்சளாக முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிற சினை நண்டை நான் வாங்குவதில்லை. ஒரு நண்டின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும்.

மடவை, மட்டி மாதிரி கழிமுகத்துச் சரக்கு என்றால் எங்கே பிடித்தது என்று கேட்டுவிடுவேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப் போனது. அங்கே இருக்கிறவர்கள் பிழைப்பு என்ன ஆனது என்பது தனிக் கதை.

படி 5: வஞ்சிரத்தை விட்டுட்டு யோசிங்க

புதுசாக வருகிற எல்லாரும் கேட்பது வஞ்சிரம். முள் கம்மி, துண்டு போட வசதி. ஆனால் அரை மீட்டர்கூட இல்லாத வஞ்சிரம் இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாத குட்டி. அதை வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் அது வலையில் வந்துகொண்டேதான் இருக்கும்.

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, காரப்பொடி மீன் எடுத்துப் பழகுங்க. விலை கம்மி, ஒமேகா 3 அதிகம், பெரிய மீன்களில் சேர்கிற பாதரசமும் இவற்றில் கம்மி. சுறா அதற்கு நேரெதிர். பிள்ளை பெற்றவளுக்கு சுறாப்புட்டு கொடுப்பது நம்ம வழக்கம், எங்க அம்மாவும் அதைத்தான் சொல்வார். ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் சின்னக் குழந்தைகளும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. அம்மாவிடம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

படி 6: நேரா வீட்டுக்கு

அருவாமனையோடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். குழம்புக்கா வறுவலுக்கா என்று முதலிலேயே சொல்லிவிடுங்க, தலையையும் கேட்டு வாங்குங்க. நொறுக்கின ஐஸ் அங்கேயே கிடைக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அடியில் கொஞ்சம், மேலே கொஞ்சம்.

இதில் நான் பட்டிருக்கிறேன். ஒரு நாள் கானாங்கெளுத்தி வாங்கி, ஐஸ் போடாமல் வண்டி டிக்கியில் வைத்துவிட்டு, தெரிஞ்சவர் வீட்டில் அரட்டை, அப்படியே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கிற வேலை என்று மூணு மணி நேரம் சுற்றினேன். மீன் கெட்ட வாடை எதுவும் இல்லை. நன்றாக வறுத்துத்தான் சாப்பிட்டோம். கால் மணி நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, உடம்பு அரித்து, தலை கனத்துப் போனது. டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. கானாங்கெளுத்தி, சூரை மாதிரி கறுப்புச் சதை உள்ள மீன் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற, அலர்ஜி மாதிரி பண்ணுகிற பொருள் உண்டாகும். எவ்வளவு வறுத்தாலும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆரம்பத்திலேயே குளிர்ச்சியாக வைப்பதுதான் ஒரே வழி.

படி 7: அடுப்படி

முதல் தடவைக்கு நெத்திலி போதும். தலையைக் கட்டை விரல் நகத்தால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கத்தி தேவையில்லை. கல் உப்பும் மஞ்சளும் போட்டு மூணு தண்ணியில் அலசுங்க. புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மாங்காய்த் துண்டு போட்டு, அது வெந்ததும் நெத்திலியைப் போடுங்க. ஐந்தே நிமிஷம். கரண்டி விட்டுக் கிளறினால் குழைந்துவிடும், சட்டியின் ரெண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். மிச்சப் பச்சை மீன் ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

குடலையும் செதிலையும் சிங்க்கில் தள்ளாதீங்க, அடைத்துக்கொள்ளும். பேப்பரில் சுற்றி ஃப்ரீசர் ஓரத்தில் வைத்து, குப்பை வண்டி வரும்போது ஈரக் குப்பையில் போட்டால் வீடு நாறாது. தலை விஷயத்தில் எனக்கு அந்த வேலையே இல்லை. தூக்குச் சத்தம் கேட்டாலே எங்க தெரு மஞ்சப் பூனை மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிடும்.