மூதாதையர் யாரென்று தெரியாதவர்கள் ஸ்காட்டிஷ் கிளானைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் கணவரின் குடும்பம் ஸ்காட்லாந்துக் குடும்பம். குடும்பப் பெயர் டெய்லர். நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானதும், வீட்டு ஆண்கள் எந்த டார்டனில் (கட்டம் போட்ட கம்பளித் துணி) கில்ட் (ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு உடை) கட்டுவது என்ற பேச்சு வந்தது. கிளான் என்பது ஒரு தலைவரின் கீழ் வரும் குலக் கூட்டம், டார்டனைக் கிளானை வைத்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம். மாமனாருக்குத் தன் தாத்தாவுக்கு மேலே ஒருவரையும் தெரியாது. "நாம் எந்தக் கிளான்?" என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்களாம். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேடித்தான் நானும் மாமனாரும் உட்கார்ந்தோம். நாங்கள் போன வழியை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: கடைப் பட்டியலைத் தள்ளி வையுங்கள்

எடின்பரோவில் ராயல் மைல் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை ஒரு பட்டியல் தொங்கும். உங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால் அதைப் பார்த்து ஒரு கிளானைச் சொல்வார்கள். டெய்லர் என்றால் கேமரன். மில்லர் என்றால் மெக்ஃபார்லன். ரீட் என்றால் ராபர்ட்சன். இப்படி ஒரு கிளானோடு சேர்த்து எண்ணப்படும் பெயர்களை செப்ட் என்கிறார்கள்.

கேமரன் கிளானில் டெய்லர் என்ற பெயரோடு ஒரு வீரர் இருந்ததாகவும், அவர் வழியில் வந்தவர்கள் டெய்லர் ஆனதாகவும் ஒரு மரபு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெய்லர், மில்லர், ஸ்மித் எல்லாம் தொழிலால் வந்த பெயர்கள். துணி தைக்க ஒருவர் இல்லாத ஊர் உண்டா? இலங்கையில் முதன்முதலில் வணிகத் தோட்டமாகத் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரை நம்மில் பலருக்குத் தெரியும். 1867-ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். அவர் பிறந்தது கிழக்குக் கரைப் பக்கம் கின்கார்டின்ஷயரில். கேமரன்களின் நாடான லொகாபர் இருப்பதோ மேற்குக் கோடியில், நடுவே முழு மலைத்தொடரும் இருக்கிறது. கடைப் பட்டியலைக் கேட்டால் அவரையும் கேமரன் என்றுதான் சொல்லும்.

இந்தப் பட்டியல்கள் பெருகியது 19-ஆம் நூற்றாண்டில். 1745-ல் அரசருக்கு எதிராக நடந்த கிளர்ச்சி தோற்றபின், ஸ்காட்லாந்தின் வட மேற்கு மலைநாட்டு ஆண்கள் கில்ட் கட்டுவதைத் தடைசெய்து 1746-ல் சட்டம் வந்தது. 1782-ல்தான் அதை நீக்கினார்கள். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எல்லோரும் டார்டனில் வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். அதற்கப்புறம் ஆளாளுக்குத் தங்கள் டார்டன் எது என்று தேட ஆரம்பித்தார்கள். பேனக்பர்னில் இருந்த வில்சன் குடும்ப நெசவாலையில், வெறும் எண்ணோடு விற்றுக்கொண்டிருந்த துணிகளுக்குக்கூடக் கிளான் பெயர்கள் வந்து சேர்ந்தன. எந்தக் கிளானிலும் இல்லாத குடும்பங்களுக்கு ஒரு டார்டன் காட்ட செப்ட் பட்டியல் வசதியாக இருந்தது.

குடும்பப் பெயரே மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மெக்ரெகர் என்ற பெயரை 1603-ல் அரசே தடைசெய்தது. இடையில் கொஞ்ச காலம் விலக்கி, மறுபடி போட்டு, 1774-ல்தான் முழுதாக எடுத்தார்கள். அந்தக் காலத்தில் மெக்ரெகர்கள் பலர் கேம்பல், மரே, டிரம்மண்ட் என்று வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். நிலத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் தலைவரின் பெயரைச் சூட்டிக்கொண்ட குடியானவர்களும் ஏராளம். ஆகவே பெயரை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வீட்டில் இருப்பதைத் திரட்டுங்கள்

பழைய பைபிளின் முதல் பக்கம், கல்லறைப் படங்கள், ராணுவப் பதக்கம், கடிதம் எல்லாவற்றையும் எடுங்கள். முதல் பெயர்களையும் கவனியுங்கள். ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர் என்று வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படியே செய்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் தேட ஒரு திசை கிடைக்கும்.

குடும்ப மர மென்பொருள்கள் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் போட்ட மரத்தை நம் மரத்தோடு ஒட்டச் சொல்லி நச்சரிக்கும். ஒரு கூகுள் ஷீட் போதும். பெயர், ஊர், ஆண்டு, எந்த ஆவணம் என்று நான்கு பத்தி. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் அந்த வரியை நம்பாதீர்கள்.

படி 3: இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

இதற்கு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளம்தான். மாதச் சந்தா கேட்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கு முதலில் பணம் கட்டாதீர்கள். இங்கே தேடுவது இலவசம், பதிவின் படத்தைத் திறக்க மட்டும் கிரெடிட் (முன்பணமாக வாங்கும் புள்ளிகள்) வாங்க வேண்டும். அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என்றால் சர்ச் பதிவேடுகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் 1921 வரை கிடைக்கும். 100 ஆண்டுக்குள்ளான பிறப்பு, 75 ஆண்டுக்குள்ளான திருமணம், 50 ஆண்டுக்குள்ளான இறப்பு இவற்றின் படங்கள் இணையத்தில் திறக்காது. எடின்பரோவுக்குப் போக முடிந்தவர்கள் அங்கே உள்ள மையத்தில் ஒரு நாள் கட்டணம் கட்டி உட்கார்ந்தால் கிரெடிட் கணக்கே பார்க்க வேண்டாம்.

ஸ்காட்லாந்துப் பதிவுகளின் அருமை என்னவென்றால், இறப்புச் சான்றிதழிலும் இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் மூன்றும் இருக்கும். ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். ஆனால் அந்தத் தகவலைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். மகன் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் ஒன்றல்ல.

படி 4: அப்பா பெயர் இல்லாத பதிவு

நாங்கள் ரொம்ப நாள் நின்றுபோனது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாமனாரின் தாத்தா பிறந்த பதிவு 1880-களில் பெர்த்ஷயரைச் சேர்ந்த லோஜியரெய்ட் என்ற பாரிஷில் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர் வட்டாரம்) கிடைத்தது. குழந்தையின் பெயர், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'முறையற்ற பிறப்பு' என்ற பொருளில் ஒற்றைச் சொல். அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை. அம்மா பெயர் மட்டும், அவள் ஒரு பண்ணை வேலைக்காரி என்ற குறிப்போடு. பதிவாளரின் கையெழுத்துக்கு மேலே அவளே தன் பெயரைக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதாவது டெய்லர் என்ற பெயரே அம்மா வழியில் வந்தது. மாமனார் அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமணம் ஆகாத பெண்ணின் குழந்தைக்கு அப்பா பெயர் எழுத வேண்டுமானால், அவரும் நேரில் வந்து அம்மாவோடு கையெழுத்திட வேண்டும் என்பது அன்றைய விதி. வரவில்லை என்றால் அந்த இடம் காலிதான். இங்கே தேடலை விட்டுவிட வேண்டாம், பார்க்க மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, பதிவின் இடது ஓரம். அங்கே ஆர்.சி.இ. என்று மூன்று எழுத்தும் ஒரு பக்க எண்ணும் இருந்தால், பதிவு பின்னர் திருத்தப்பட்டது என்று அர்த்தம். அம்மா ஷெரிஃப் நீதிமன்றம் என்ற வட்டார நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தால் அப்பா பெயர் அந்தத் திருத்தப் பதிவேட்டில் இருக்கும். ஓரத்தில் மங்கலாக எழுதியிருப்பார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்களுக்கு அது இல்லை.

இரண்டாவது, அந்தக் குழந்தை வளர்ந்தபின் வந்த திருமணப் பதிவு, இறப்புப் பதிவு. பிறப்பில் இல்லாத அப்பா பெயர் அங்கே திடீரென்று முளைக்கும். சிலசமயம் உண்மையாக இருக்கும். சிலசமயம் சபை முன்னால் கௌரவத்துக்காகச் சொன்ன பெயராக இருக்கும்.

மூன்றாவது, கிர்க் செஷன் குறிப்புகள். பாரிஷ் சர்ச்சின் பெரியவர்கள் கூடும் சபை அது. கல்யாணமாகாமல் கருவுற்ற பெண்ணைக் கூப்பிட்டு, யார் காரணம் என்று கேட்டு எழுதி வைப்பார்கள். படிக்கும்போது மனம் கனக்கும். அந்தப் புத்தகங்களின் படங்களும் அதே தளத்தில் இருக்கின்றன. ஆனால் பெயர் போட்டுத் தேட முடியாது, ஊரையும் ஆண்டையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். குழந்தை பிறந்த நாளுக்கு முன்னால் நான்கைந்து மாதம், பின்னால் ஓர் ஆண்டு வரை புரட்டுங்கள். எங்களுக்கு அங்கேதான் ஒரு பெயர் கிடைத்தது. ராபர்ட்சன் என்ற ஏர் உழுபவரை அவள் சொல்லியிருக்கிறாள். அவர் மறுத்திருக்கிறார். அதோடு குறிப்பு முடிகிறது.

நான் அவள் சொன்னதை நம்புகிறேன். ஆனால் ஷீட்டில் 'ஆதாரம் இல்லை' என்றுதான் எழுதினேன்.

படி 5: ஆளை விட்டு ஊரைப் பிடியுங்கள்

ஆள் உறுதியாகாவிட்டாலும் ஊர் உறுதியாகிவிடும். அம்மாவின் பெற்றோர், அவர்களுடைய பெற்றோர் என்று தேடினால், கணக்கெடுப்புகளிலும் சர்ச் பதிவுகளிலும் அதே சுற்றுவட்டாரம்தான் வந்தது. 1891 கணக்கெடுப்பில், மலைநாட்டின் பழைய மொழியான கேலிக் பேசுவார்களா என்று ஒரு பத்தி உண்டு, எங்கள் ஆட்களுக்கு கேலிக், ஆங்கிலம் இரண்டும் என்று குறித்திருந்தது. மலைநாட்டு மக்கள்தான் என்பது அதில் தெளிவாயிற்று. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் பழைய சர்வே வரைபடங்கள் இலவசம். பண்ணை பெயரைப் போட்டுப் பாருங்கள், இன்று இடிந்துபோன வீடுகூட அதில் இருக்கும்.

ஊர் தெரிந்தால் அங்கே எந்தக் கிளான்கள் வாழ்ந்தன என்று பார்க்கலாம். எல்லா ஊருக்கும் கிளான் இருக்க வேண்டும் என்பதில்லை. வடக்குத் தீவுகளான ஷெட்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டு வரைகூட அப்பா பெயரோடு மகன் என்று சேர்த்தே பெயர் வைத்தார்கள், அங்கே கிளான் தேடுவது வீண். இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புறத்தில் ஆம்ஸ்ட்ராங், எலியட், கெர் என்று குடும்பக் கூட்டங்கள் இருந்தன, அது வேறு மரபு.

டிஎன்ஏ பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. எச்சிலை அனுப்பினால் கிளான் பெயர் வராது. அப்பாவிலிருந்து மகனுக்குப் போகும் ஒய் டிஎன்ஏ பரிசோதனை மட்டும், அதே குடும்பப் பெயர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் ஒப்பிட்டால் பயன்படும். எங்கள் மாதிரிச் சிக்கலுக்கு அது நல்ல வழிதான். மாமனார் இப்போதைக்கு வேண்டாம் என்றார், வற்புறுத்தவில்லை.

படி 6: முடிவெடுங்கள்

ஸ்காட்லாந்தில் குலச்சின்னங்கள் தொடர்பான அதிகாரம் லார்ட் லயன் என்பவரிடம் இருக்கிறது. அவருடைய அலுவலகம் சொல்லும் விளக்கம் எளிது. கிளான் தலைவரின் குடும்பப் பெயரே உங்களுக்கும் இருந்தால் நீங்கள் அந்தக் கிளான் என்று கொள்ளலாம். வேறு பெயராக இருந்தாலும், அந்தத் தலைவருக்கு விசுவாசம் தெரிவித்தால், அவர் மறுக்காதவரை நீங்கள் அந்தக் கிளான்தான். ரத்த ஆதாரம் கேட்பதில்லை. ஆதாரம் கிடைக்காமல் தவிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். நடைமுறையில் கிளான் சங்கத்துக்கு எழுதி உறுப்பினராவதுதான் வழக்கம். சில கிளான்களுக்கு இன்று தலைவரே இல்லை, அங்கே சங்கம் மட்டும்தான்.

கிளானே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. பெர்த்ஷயர், எடின்பரோ, காலோவே என்று பல வட்டாரங்களுக்குத் தனி டார்டன் உண்டு. பிளாக் வாட்ச், கலிடோனியா போன்ற பொதுவான டார்டன்களை யார் வேண்டுமானாலும் கட்டலாம். சட்டப்படி எந்தக் கிளான் டார்டனையும் உடுத்தத் தடை இல்லை. பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கானது என்பதால் யாரும் தொடுவதில்லை. எது அதிகாரபூர்வமாகப் பதிவானது என்று பார்க்க, 2009 முதல் இயங்கும் ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேட்டில் தேடுங்கள்.

என் கருத்து: ஆள் உறுதி என்றால் கிளான், ஊர் மட்டும் உறுதி என்றால் வட்டார டார்டன். பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துக் கிளான் எடுக்காதீர்கள். நாங்கள் பெர்த்ஷயர் எடுத்தோம். பெற்ற பிள்ளையைத் தனியாக வளர்த்த அந்தப் பெண்ணின் ஊர் அது. ராபர்ட்சன் டார்டனைக் கட்ட மாமனாருக்கு மனம் வரவில்லை.

படி 7: துணி வாங்கும்போது

ஒரே டார்டனை மாடர்ன், ஏன்ஷியன்ட், வெதர்டு என்று விற்பார்கள். கட்டம் ஒன்றுதான், சாயம்தான் வேறு. ஏன்ஷியன்ட் என்றால் பழைய வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள், வெளிறிய நிறம், அவ்வளவுதான். வாடகைக்கு எடுப்பவர்களும் சொந்தமாகத் தைப்பவர்களும் ஒரே குடும்பத்தில் இருந்தால் இந்தச் சொல்லைச் சரிபார்க்காமல் பணம் கட்ட வேண்டாம், புகைப்படத்தில் இரண்டு நிறமாக நிற்பார்கள். துணித் துண்டு கேட்டு வாங்கி வெயிலில் வைத்துப் பாருங்கள். சொந்தமாகத் தைப்பதானால் 16 அவுன்ஸ் கனத் துணி, 8 கஜம். மடிப்பு அழகாக விழும்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

அம்மா வழிக் கிளானை எடுக்கலாமா? கிளான் குடும்பப் பெயரோடு போகிறது என்பதே மரபு. ஆனால் அம்மா வழிக் கிளானின் தலைவருக்கும் விசுவாசம் தெரிவிக்கலாம், பல சங்கங்கள் அம்மா வழியினரையும் சேர்த்துக்கொள்கின்றன. தத்தெடுக்கப்பட்டவர்களும் வளர்த்தவர்களின் குடும்பப் பெயரை வைத்தே போகலாம்.

சென்னையிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்திய வாசகி, தன் குடும்பப் பெயர் ஸ்காட்டிஷ், ஆனால் வந்தவர் யாரென்று தெரியாது என்று எழுதியிருந்தார். உங்களுக்கு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் தொடங்குவது சரிவராது. மெட்ராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய சர்ச் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றைத் தேடுபவர்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ராணுவத்தில் வந்தவராக இருந்தால் படைப்பிரிவுப் பதிவில் பிறந்த பாரிஷ் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒரு ஊர்ப் பெயர் கிடைத்ததும் படி 3-க்கு வந்துவிடுங்கள்.