பொட்டாசியம் சாம்பிளை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்: டியூபுக்குள் ஒரு மோட்டார் ஓடுகிறது

தேன்கனிக்கோட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கமிருந்தெல்லாம் சாம்பிள் வரும். டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்துவிட்டுப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது பொட்டாசியம்தான். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அப்புறம். பொட்டாசியத்தில் கோட்டை விட்டால் நன்றாக இருக்கிற மனிதரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவோம். நான் ஏற்றியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், மார்கழி மாதம். மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவருக்குச் சாயங்காலம் ரத்தம் எடுத்தார்கள். ரோட்டில் யானை நின்றதால் கடைசி பஸ் வரவில்லை. எடுத்த பையன் நல்ல எண்ணத்தில் டியூபை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து, காலை முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். டியூபை மெஷினில் சுழற்றிப் பார்த்தேன். செல்லிலிருந்து பிரிந்து மேலே நின்ற திரவம், அதுதான் சீரம், வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது, சிவப்பே இல்லை. பொட்டாசியம் 6.9 வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்கவேண்டியது அது. 7-ஐ நெருங்கினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டேன். பெரியவரை ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இசிஜி சரியாக இருந்தது. புதிதாக எடுத்த ரத்தத்தில் 4.3. நாலு நாள் கழித்து வந்த பெரியவர், "ஏன் கண்ணு, என் ரத்தத்துல அப்படி என்னத்தக் கண்ட?" என்று சிரித்தபடி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் பள்ளிப் பாடத்திலேயே இருந்தது. செல் சவ்வு, செயல்மிகு கடத்தல் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருந்தேன். அது டியூபுக்குள்ளும் நடக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல். சோடியம் நேர்மாறு: வெளியே நிறைய, உள்ளே கொஞ்சம். சும்மா விட்டால் இரண்டும் சவ்வு வழியே மெல்லக் கசிந்து சமமாகிவிடும். அப்படி ஆகாமல் இருப்பது சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தால். மூன்று சோடியத்தைப் பிடித்து வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்று, செலவு. டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கௌ என்பவர் நண்டின் கால் நரம்பை அரைத்து ஆராய்ந்து இதை 1957-ல் எழுதினார். நோபல் பரிசு வந்தது 1997-ல். நாற்பது வருஷம் காத்திருந்தார், பாவம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே புரிகிறது. போர் மோட்டார் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியின் அடியில் ஒரு பைப் எப்போதும் ஒழுகுகிறது. மோட்டார் ஓடும்வரை தொட்டி நிறைந்தே இருக்கும், ஒழுகுவது கண்ணுக்கே தெரியாது. கரண்ட் போனால்தான் ஒழுகல் தெரியும். பாடப்புத்தகப் படத்தில் இந்தப் புரதம் ஏதோ ஒரு தடவை கதவைத் திறந்து மூடுவதுபோலப் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. இது ராப்பகலாக ஓடுகிற மோட்டார். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஏடிபியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இதுவே தின்கிறது.

ரத்தத்தை டியூபில் அடைத்த பிறகும் அது ஓடுகிறது. நிறைய ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பணுவுக்குக் கிடையாது. சுற்றியிருக்கும் குளுக்கோஸை உடைத்துக் கிடைக்கும் சொற்ப ஏடிபிதான் கரண்ட். அறை வெப்பத்தில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறைவது இதனால்தான். குளிரில் வைத்தால் கசிவும் கொஞ்சம் குறையும், ஆனால் மோட்டார் அதைவிட மோசமாகப் படுத்துவிடும். பெரியவரின் டியூபில் ராத்திரி முழுக்க அதுதான் நடந்தது. செல் உடையவில்லை, அதனால் சிவப்பு நிறம் இல்லை. பொட்டாசியம் மட்டும் வெளியே வந்துவிட்டது. நிறத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

ரத்தம் எடுக்கும்போது கட்டுப் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள். "கையை மூடி மூடித் திறங்க" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தசை வேலை செய்தால் அதிலிருந்தும் பொட்டாசியம் வெளியே வரும். சிரிஞ்சில் எடுத்ததை ஊசியோடு டியூபில் பீய்ச்சினால் செல் உடையும். ஊசியைக் கழற்றிவிட்டு ஓரமாக வழியவிடுங்கள்.

ரத்தத்தை முதலில் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி டியூபில் நிரப்புங்கள், அதன் பிறகே ஊதா மூடி. ஊதாவில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ ஒரு பொட்டாசிய உப்பு. அது ஒரு துளி கலந்தாலும் பொட்டாசியம் எகிறும். அப்படிக் கலந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம்: கால்சியம் அதே சாம்பிளில் தரைமட்டமாக இருக்கும். சாம்பல் மூடியில் இருப்பது ஃபுளோரைடு. எங்கள் மாவட்டத்திலும் பக்கத்துத் தருமபுரியிலும் ஃபுளோரைடு என்றால் குடிதண்ணீரும் பல்லில் கறையும்தான் நினைவுக்கு வரும். டியூபில் அதன் வேலை வேறு, செல் சர்க்கரையை உடைப்பதை நிறுத்துவது. சர்க்கரை டெஸ்ட்டுக்கு அது வேண்டும். பொட்டாசியத்துக்கு ஆகவே ஆகாது. மோட்டாருக்குக் கரண்டை நாமே பிடுங்கின மாதிரி ஆகிவிடும், போதாததற்குப் பல டியூபில் பொட்டாசியம் ஆக்சலேட்டும் கலந்திருக்கும்.

எடுத்த டியூபை அரை மணி நேரம் நிற்கவைத்து உறையவிடுங்கள், வெயிலிலும் வேண்டாம், குளிரிலும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் 3000 சுற்றில் 10 நிமிஷம் சுழற்றி, சீரத்தைத் தனி டியூபுக்கு மாற்றுங்கள். செல்லிலிருந்து பிரிந்த சீரத்தைத் தாராளமாக ஃபிரிட்ஜில் வைக்கலாம், அதில் மோட்டாரும் இல்லை, தொட்டியும் இல்லை. செல்லுக்கும் சீரத்துக்கும் நடுவே ஜெல் அடுக்கு நிற்கும் ஜெல் டியூபை மட்டும் இரண்டாவது தடவை சுழற்றாதீர்கள். ஜெல்லுக்கு அடியில் கசிந்து கிடக்கும் பொட்டாசியம் மேலே ஏறிவிடும்.

தூரத்திலிருந்து அனுப்புகிறவர்கள் முடிந்தால் அங்கேயே சுழற்றி அனுப்புங்கள். ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் போதும். முடியாவிட்டால் பிரிக்காத டியூபை ஐஸ் இல்லாத பெட்டியில் வையுங்கள். மார்கழியில் தளிப் பக்கம் விடியற்காலை பைக்கில் கொண்டுவந்தால் பெட்டியே ஃபிரிட்ஜ் ஆகிவிடும். துணியைச் சுற்றிக் கட்டுங்கள். சித்திரை வெயிலில் வேறு கூத்து. சூட்டில் மோட்டார் வேகமாக ஓடி, முதல் சில மணி நேரம் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ரிசல்ட் குறைவாக வரும். சர்க்கரை தீர்ந்ததும் தலைகீழாக ஏறத் தொடங்கும்.

பொட்டாசியம் அதிகமாக வந்தால் நான் உடனே அதே டியூபின் சர்க்கரையைப் பார்ப்பேன். சர்க்கரை நோய் இல்லாத, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு 30, 40 என்று காட்டினால் டியூப் நெடுநேரம் கிடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சர்க்கரை சரியாக இருந்தும் பொட்டாசியம் ஏறியிருந்தால் குளிரில் வைத்தார்களா என்று போன் போட்டுக் கேட்பேன். இரண்டும் இல்லையென்றால் அது நிஜமாகவே இருக்கலாம், டாக்டருக்கு உடனே தகவல் போகவேண்டும். அப்போது டாக்டர்கள் குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றுவதும் இதே மோட்டாரை முடுக்கத்தான், பொட்டாசியம் ரத்தத்திலிருந்து தசைக்குள் போய்விடும். ஓசூரில் அன்று இசிஜி பார்க்காமல் அதை ஏற்றியிருந்தால் 4.3 எங்கே போய் நின்றிருக்குமோ, இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

டியூபில் பெயர், வயதோடு ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். நேரம் எழுதாத டியூபில் நான் பொட்டாசியம் போடுவதில்லை. மறுபடி வரச் சொன்னால் பஸ் காசு கேட்டுத் திட்டுவார்கள், நானும் திட்டை வாங்கிக்கொள்கிறேன்.