நாயுடன் கடற்கரைக்குச் சென்று பால்வீதியைப் படமெடுக்கும் முறை

விருச்சிகம், தனுசு ஆகிய விண்மீன் கூட்டங்கள் இருக்கும் திசையில்தான் பால்வீதி மிக அடர்த்தியாகத் தெரியும். மாசி, பங்குனி மாதங்களில் அந்தப் பகுதி விடியலுக்கு முன் தென்கிழக்கில் மேலேறி நிற்கும். கடலூர்க் கரையிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் வெறும் கடல். ஊர் விளக்குகளெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் காலமும் அதுவே என்பதால், புதியவர்கள் அமாவாசையை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்து, அதிகாலை 3.30 மணிக்குள் இடத்தை அடைந்துவிடுவது நல்லது. 5 மணிக்கு மேல் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிவிடும்.

முதலில் இடம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் விளக்குகள் அதிகம். கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையிலுள்ள சாமியார்பேட்டைப் பக்கம் இருட்டு கூடுதலாகக் கிடைக்கும். பகலிலேயே ஒருமுறை சென்று பார்த்து, அங்குள்ள மீனவர்களிடம் சொல்லி வையுங்கள். நள்ளிரவு தாண்டி முன்பின் தெரியாத ஒருவர் நாயோடு நடமாடினால் எவருக்கும் ஐயம் வரத்தான் செய்யும். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். அற்பமாகத் தோன்றும் இந்த வேலையைத்தான் நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை ஒளி ஒருமுறை பட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். அதோடு, ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன. வெள்ளை ஒளியைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பக்கூடும். குஞ்சுகளோ கடலை விட்டு விளக்கை நோக்கி ஊர்ந்துவிடும். மணலுக்குள் இருக்கும் முட்டையை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும் என்பதால், ஒரு நொடிகூட அதை அவிழ்த்துவிடக் கூடாது.

நாயின் வாரை, கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடின் காலில் கட்டாதீர்கள். ஒரு நண்டு ஓடினால் போதும், கேமரா மணலில் கிடக்கும். துணைக்கு வந்தவர் கையிலேயே வார் இருக்கட்டும். கரையில் கழித்துப் போட்ட மீன்களுக்கிடையே நஞ்சுள்ள பேத்தை மீன் கிடக்கும். அதைத் தின்றால் நாயின் உயிருக்கே ஆபத்து. கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும் என்பதால் நல்ல தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். தெருநாய்களோடு சண்டை வரக்கூடும். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது கேமரா. டிரைபாடின் கால்களை உலர்ந்த மணலில் அசையாதவரை அழுத்தி ஊன்றுங்கள். எல்லா அளவுகளையும் நாமே வைக்கும் மேனுவல் முறையில், கேமராவோடு வரும் 18 எம்எம் கிட் லென்ஸ் என்றால் ஒளி நுழையும் துளையை முழுதாகத் திறந்து f/3.5 என வைத்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200, திறப்பு நேரம் 15 விநாடி எனத் தொடங்கலாம். அதற்கு மேல் போனால் பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். ஆட்டோஃபோகஸ் இருட்டில் திணறும். ஆகவே திரையில் பிரகாசமான விண்மீன் ஒன்றைப் பெரிதாக்கி, அது ஊசிமுனைப் புள்ளியாகச் சுருங்கும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பி, அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கோப்பு, கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா (RAW) வடிவில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தும் அதிர்வு படாமலிருக்க 2 விநாடி டைமர் வையுங்கள். கைப்பேசியாக இருந்தால் அதையும் டிரைபாடில் பொருத்தி, இரவு முறையில் எடுக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸின் முகத்தைப் பாருங்கள். உப்புக்காற்றின் ஈரம் படிந்து படமே புகைமூட்டமாகிவிடும்.

நாயும் படத்தில் வேண்டுமா? பதினைந்து விநாடி எந்த நாயும் சிலையாக இராது. அதை உட்காரவைத்து, திறப்பு தொடங்கியதும் பக்கவாட்டிலிருந்து சிவப்பு டார்ச்சை ஒரு நொடி மட்டும் அதன்மேல் காட்டி அணைத்துவிடுங்கள். அந்த நொடியின் உருவம் தெளிவாகப் பதியும். பிறகு காதை அசைத்தாலும் பெரிய பாதகம் இல்லை. சிவப்புச் சாயத்தை விரும்பாதவர்கள் பின்னர்க் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளலாம். நேருக்கு நேர் ஒளி காட்டினால் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் அதைத் திருப்பி அடித்து, கண்கள் இரண்டும் பளீரென்று எரியும்.

வீடு திரும்பியதும் நாயின் கால்விரல் இடுக்குகளை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, தூண்டில் முள்ளோ கிளிஞ்சல் துண்டோ தைத்திருக்கிறதா என்று பாருங்கள். டிரைபாடின் கால்களையும் முழுதாக நீட்டி அதே தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.