லெனார்ட் கோஹனின் 15 ஆல்பங்களை வரிசைப்படுத்துவது எப்படி

ஒரு பாடகரின் ஆல்பங்களை வரிசைப்படுத்த உட்காரும் கூட்டம் பெரும்பாலும் பாட்டுகளை வரிசைப்படுத்திவிட்டு எழுந்துபோய்விடுகிறது. 'ஹாலலூயா' இருக்கிறதா, அந்த ஆல்பம் முதலிடம். 'சுசான்' இருக்கிறதா, அதற்கு இரண்டாமிடம். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். யாரும் எதையும் புதிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கம்பம், குமுளிப் பக்கமாக இருக்கும் நாங்கள் ஐந்து பேரும் கனடாப் பாடகர் லெனார்ட் கோஹனை அப்படி அவசரமாக அளக்கக் கூடாது என்று பேசி ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டோம். நான் கம்பத்தில் ஒரு ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கும் சேட்டன், கூடலூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா, ஜெராக்ஸ் கடைத் தம்பி, வண்டன்மேட்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், இவ்வளவுதான் எங்கள் கூட்டம். பாதிப் பேச்சு தமிழிலும் பாதி மலையாளத்திலும் ஓடும். பாட்டெழுதித் தானே பாடுகிற எந்தக் கலைஞருக்கும் இந்த முறை பொருந்தும்.

முதலில் எது கணக்கில் வரும் என்று முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால் கடைசி நாளில் சண்டை வரும். கோஹனுக்கு 1967 முதல் 2016 வரை ஸ்டுடியோ ஆல்பங்கள் 14. அவர் இறந்தபின், விட்டுச்சென்ற குரல் பதிவுகளை வைத்து மகன் ஆடம் கோஹன் முடித்துக் கொடுத்தது 2019இல் வந்தது. அதையும் சேர்த்தால் 15. மேடைப் பதிவுகளும் தொகுப்புகளும் வேண்டாம். கடைசி ஆல்பத்தைச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் நிறையப் பேசினோம். இசையமைப்பை அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது என்றார் அக்கா. குரலும் சொல்லும் அவருடையவைதானே என்றான் தம்பி. சேர்த்தோம். நீங்கள் விட்டுவிடுவதானாலும் சரி, ஆனால் ஓட்டு எடுக்கும் நாளில் அந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

அடுத்து, கேட்பது. வாரத்துக்கு ஓர் ஆல்பம் போதும். வந்த வரிசையிலேயே கேளுங்கள், பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். பெரும்பாலானவை முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். 'வேரியஸ் பொசிஷன்ஸ்' அதைவிடச் சிறியது. கம்பத்தில் பஸ் ஏறினால் லோயர் கேம்ப் தாண்டி மலையேறி குமுளியில் இறங்குவதற்குள் முழுதாகக் கேட்டுவிடலாம். முதல் தடவை பாடல் வரிகளைப் பார்க்க வேண்டாம். இரண்டாம் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் யாருக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல என்பதால், ஒவ்வொரு பாட்டிலும் என்ன நடக்கிறது என்று ஒருவர் தமிழிலும் சேட்டன் மலையாளத்திலும் சொல்லிப் பார்ப்போம். 'ஃபேமஸ் ப்ளூ ரெயின்கோட்' டிசம்பர் மாதத்தில் விடிகாலை நாலு மணிக்கு எழுதப்படும் கடிதம். தன் மனைவியோடு உறவு கொண்டிருந்த நண்பனுக்கு ஒருவர் எழுதுகிறார், கடைசியில் கோஹன் என்றே கையெழுத்திடுகிறார். அந்தக் கதை இரண்டு மொழியிலும் சொல்லி முடிந்ததும் யாரும் சட்டென்று பேசவில்லை. அந்தக் கதை பிடிபட்ட பிறகே அந்தப் பாட்டு உள்ள ஆல்பத்தை எங்கே வைப்பது என்ற யோசனைக்கே வந்தோம்.

இனி எங்கள் முறையின் உயிர்நாடி. ஆல்பத்தை அதன் பெயர்பெற்ற பாட்டை வைத்து அளக்காதீர்கள். இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டை வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பாட்டு இருக்கும் எல்பி இசைத்தட்டுக் காலத்தில் நல்ல பாட்டுகளைப் பக்கத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வைப்பது வழக்கம். 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தில் 'ஹாலலூயா' இரண்டாம் பக்கத்தைத் தொடங்குகிறது, 'இஃப் இட் பி யுவர் வில்' முடித்துவைக்கிறது. இடையில் மூன்றாவதாக 'ஹன்டர்ஸ் லலபை' வருகிறது. அது மோசமான பாட்டு அல்ல, ஆனால் அதைத் தனியாகத் தேடி யாரும் போக மாட்டார்கள். அதே சோதனையை 1979இல் வந்த 'ரீசன்ட் சாங்ஸ்' ஆல்பத்துக்கு வையுங்கள். மூன்றாவதாக வருவது 'த ஜிப்ஸீஸ் வைஃப்'. அந்த ஆல்பத்தின் சில பாட்டுகளில் ஜான் பிலெசிக்ஜியனின் ஊத் வாத்தியமும் ராஃபி ஹகோபியனின் வயலினும் ஓடுகின்றன. தந்தி வாத்தியத்தைக் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பிடித்துப்போகும். வழக்கமாக நடுவில் தள்ளப்படும் இந்த ஆல்பம் எங்கள் ஐந்து பேரின் பட்டியலிலும் மேலே ஏறியது. எனக்கு இந்த முறை கொடுத்த பெரிய பரிசு அதுதான்.

'ஐ'ம் யுவர் மேன்' (1988) விஷயத்தில் மட்டும் மூன்றாம் பாட்டோடு இரண்டாம் பாட்டையும் சேர்த்துப் பேசுங்கள். அங்கே 'ஜாஸ் போலீஸ்' இருக்கிறது. மொத்தமே எட்டுப் பாட்டுகள் உள்ள ஆல்பத்தில் ஒன்று சரியில்லை என்றால் எட்டில் ஒரு பங்கு போனது என்பது என் வாதம். சேட்டன் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "சேச்சி, 'டவர் ஆஃப் சாங்' ஒண்ணு போதும், மீதி ஏழும் இல்லைன்னாலும் சரி" என்பார். நான் மேலே சொன்ன தவறை அப்படியே செய்கிறார். ஆனாலும் அவர் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் அசைகிறது, அதை மறைக்க மாட்டேன்.

1992க்குப் பிறகு வந்தவற்றை சிடிக்குப் பக்கங்கள் இல்லாததால் பாதி தாண்டி மூன்றாவதாக வரும் பாட்டை வைத்துப் பாருங்கள்.

குரலைப் பற்றியும் முன்கூட்டியே ஓர் உடன்பாடு வேண்டும். 1934இல் மாண்ட்ரியலில் பிறந்த கோஹன், கவிஞராகவும் நாவலாசிரியராகவும் பெயர் எடுத்தபின் 33 வயதில்தான் முதல் ஆல்பம் வெளியிட்டார். அந்தக் குரலும் 2016இல் கேட்கும் குரலும் ஒரே மனிதருடையவை என்று நம்புவதே கடினம். அவ்வளவு கீழே இறங்கிவிட்டது. கித்தாரோடு வந்த இளங்குரலுக்கு ஒரு பட்டியல், கீபோர்டோடு வந்த அடிக்குரலுக்கு இன்னொன்று என்று பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு. பிரிக்காதீர்கள். 1971இன் 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்' ஆல்பத்தையும் 2001இன் 'டென் நியூ சாங்ஸ்' ஆல்பத்தையும் எதிரெதிரே வைத்துப் பேசும்போதுதான், உடன் பாடும் ஷாரன் ராபின்சன் குரல் அவருக்கு எவ்வளவு பெரிய துணை என்பது புரிகிறது. பெண் குரல்களை எடுத்துவிட்டால் இந்த ஆல்பத்தில் என்ன மிஞ்சும் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பாருங்கள். 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தில் ஜெனிஃபர் வார்ன்ஸை எடுத்துவிட்டால் பாதிதான் மிஞ்சும் என்பது என் முடிவு.

ஆல்பம் பிறந்த கதையை மூன்றாவது தடவை கேட்ட பிறகே படியுங்கள். கதை காதை வளைத்துவிடும். 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட மறுத்தது என்று தெரிந்ததும் ஐந்து மதிப்பெண் கூடப் போடத் தோன்றும். 1977இன் 'டெத் ஆஃப் எ லேடீஸ் மேன்' ஆல்பத்தை தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், கோஹன் இல்லாமலே கலவை செய்து முடித்தார் என்று படித்ததும் கேட்காமலே கடைசியில் வைக்கத் தோன்றும். முக்கியமாக, 'யூ வான்ட் இட் டார்க்கர்' வந்த 17ஆம் நாள் அவர் இறந்தார் என்ற செய்தி. அந்த அனுதாபத்தில் அதை முதலிடத்தில் வைப்பவர்கள் நிறைய. மரணத்தை மறந்துவிட்டு, தலைப்புப் பாட்டில் மாண்ட்ரியல் யூத ஆலயப் பாடகர் குழு எழும் இடத்தை மட்டும் கேளுங்கள். அப்போதும் அது மேலேயேதான் நிற்கும். ஆனால் சரியான காரணத்துக்காக நிற்கும்.

வரிசைப்படுத்தும் நாளில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை நேராக எழுத முயல வேண்டாம். எங்கள் கடையில் ஏலக்காயை முதலில் சல்லடையில் போட்டு அளவு பிரித்துவிடுவோம், நிறம் பார்ப்பது அதற்கு அப்புறம். அதுபோல முதலில் ஐந்து ஐந்தாக மூன்று குவியல் போடுங்கள். பிறகு குவியலுக்குள் சண்டை போடுங்கள். வேலை மிகவும் சுலபமாகிவிடும்.

ஓட்டு எண்ணுவதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் சறுக்குகின்றன. முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 14, கடைசிக்கு 1 என்று கூட்டுவது எல்லோரும் செய்வது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து பேரில் மூன்று பேர் ஓர் ஆல்பத்தை முதலிடத்திலும் இரண்டு பேர் பத்தாமிடத்திலும் வைத்தால் அதற்கு 57 புள்ளி. இன்னொன்றை ஐந்து பேரும் மூன்றாமிடத்தில் வைத்தால் 65. பெரும்பான்மைக்கு எது உயிரோ அது தோற்று, யாருக்கும் உயிராக இல்லாதது ஜெயிக்கிறது. அதனால் புள்ளிக் கணக்கை வைத்து முதல் நான்கை மட்டும் பிரித்தெடுங்கள். பிறகு அந்த நான்கையும் இரண்டிரண்டாக மோதவிட்டுக் கைதூக்கச் சொல்லுங்கள். ஆறு மோதல்தான் வரும். அதிகம் ஜெயித்தது முதலிடம். பேர் ஒற்றைப்படையாக இருந்தால் எந்த மோதலும் சமமாக முடியாது. ஆறாவதாக யாராவது வந்தால் அந்த நாளில் டீ போடும் வேலையை அவருக்குக் கொடுங்கள்.

கைதூக்குவதற்கு முன் ஒரு சுற்றுப் பேச்சு வேண்டும். ஒவ்வொருவரும் தன் பட்டியலில் கடைசியில் வைத்த ஆல்பத்துக்கு ஆதரவாகப் பேச வேண்டும். நேரம் ஐந்து நிமிடம். நான் கடைசியில் வைத்திருந்தது 1977 ஆல்பம். அதற்காகப் பேச உட்கார்ந்தபோது, அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு பாட்டில் பாப் டிலனும் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கும் பின்குரல் கொடுக்கிறார்கள் என்பதைத் தாண்டி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. தேடிக் கேட்டேன். அதில் அவர் குரல் கரடுமுரடாக, பாதுகாப்பில்லாமல் நிற்பது வேறு எந்த ஆல்பத்திலும் இல்லை. என் பட்டியலில் அது இரண்டு இடம் மேலே போனது. 'டியர் ஹெதர்' கீழே வந்தது.

கடைசிப் பட்டியலில் 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்' முதலிடம் பெற்றது. அதன் இரண்டாம் பக்க மூன்றாம் பாட்டு 1970இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் இசை விழா மேடையில் பதிவானது. அதில் குரல் கிழிந்தேவிடுகிறது. சிலருக்கு அது குறை. எனக்கு அந்த ஆல்பம் தன்னை மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 'ஐ'ம் யுவர் மேன்' இரண்டாமிடம், சேட்டனுக்கு அதில் இன்னமும் வருத்தம்தான். மூன்றாவது 1967இன் முதல் ஆல்பம். நான்காவது 'ரீசன்ட் சாங்ஸ்'.

பட்டியலை எழுதும்போது ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணமும் தேதியும் போட்டு வையுங்கள். காரணம் இல்லாத பட்டியலை அடுத்த வருடம் திருத்த முடியாது.

15 வாரம் எங்களால் ஒதுக்க முடியாது என்பவர்கள் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கில் தொடங்கலாம். 1969, 1971, 1972 என்று மூன்றே ஆல்பங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றையும் வரிசையாகக் கேட்டு, இரவுச் சாப்பாட்டுக்குள் கைதூக்கி முடித்துவிடலாம்.