அசெம்பிள் பண்ண பிசி ஆன் ஆகலையா? எஸ்எம்பிஎஸ் மாத்தறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

எதையும் கழட்டறதுக்கு முன்னாடி, பட்டன அழுத்தினா என்ன ஆகுதுன்னு நல்லா கவனிங்க. ஒரு அசைவும் இல்லையா, ஃபேன் லேசா சுத்திட்டு டக்குனு நிக்குதா, இல்ல ஃபேன்லாம் ஓடுது ஆனா டிஸ்ப்ளே வரலையா? மூணும் வேற வேற பிரச்சனை, இத பிரிச்சுப் பாக்காம நேரா புது எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் குடுக்கற பவர் சப்ளை டப்பா) ஆர்டர் பண்றவங்கதான் நிறைய, பாதி நேரம் அது வீண் செலவு.

அசைவே இல்லேன்னா எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கற சுவிட்ச பாருங்க, கோடு போட்ட பக்கம்தான் ஆன், வட்டம் ஆஃப். யுபிஎஸ், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாத்தையும் விட்டுட்டு நேரா சுவர் பிளக்ல சொருகிப் பாருங்க. மதர்போர்டுல எங்கயாவது சின்னதா லைட் எரிஞ்சா 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (பிசி ஆஃப்ல இருந்தாலும் வர்ற சின்ன சப்ளை) வருதுன்னு அர்த்தம், அதாவது எஸ்எம்பிஎஸ் முழுசா போகல. அப்போ என் சந்தேகம் மொதல்ல கேபினட்லேர்ந்து வர்ற அந்த குட்டி குட்டி வயர் மேலதான். போர்டோட கீழ் ஓரத்துல ரெண்டு வரிசையா பின் இருக்கும், பவர் சுவிட்ச் வயர் ஒரு பின் தள்ளி மாட்டியிருந்தாலே போதும், பட்டன் வேலை செய்யாது. மேனுவல்ல படத்த பாத்து அந்த வயர உருவிட்டு, பவர் சுவிட்சுக்கான ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு செகண்ட் சேத்து தொடுங்க, வேற பின்ல மட்டும் படக்கூடாது. ஷாக்லாம் அடிக்காது. ஆன் ஆச்சுன்னா வயரோ பட்டனோதான் பிரச்சனை, ஒரு பார்ட்டும் போகல.

ஆகலையா, எஸ்எம்பிஎஸ்லேர்ந்து மதர்போர்டுக்கு வர்ற பெரிய 24 பின் கனெக்டர கிளிப் மாட்டற வரைக்கும் நல்லா அழுத்துங்க, அது ரொம்ப டைட்டா இருக்கும், பாதி உள்ள போனாலே மாட்டிருச்சுன்னு தோணும். ப்ராசசர் பக்கத்துல இருக்கற 8 பின்னையும் பாருங்க, அது 4+4ஆ பிரியும், கிராபிக்ஸ் கார்டோடது 6+2ஆ பிரியும், மாத்தி அழுத்தி சொருகிடாதீங்க.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸ தனியா டெஸ்ட் பண்ணலாம். சுவிட்ச ஆஃப் பண்ணி, எல்லா கேபிளையும் கழட்டி, மோலெக்ஸ்ல (பழைய மாடல் 4 பின் பவர் கனெக்டர்) ஒரு கேபினட் ஃபேன் மட்டும் மாட்டிட்டு (லோடு இல்லேன்னா சிலதுல அதோட சொந்த ஃபேன் சுத்தாது) 24 பின்ல பச்சை வயரையும் ஏதாவது ஒரு கருப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால சேத்துட்டு சுவிட்ச போடுங்க. வயர் எல்லாமே கருப்பா இருந்தா 16வது, 17வது பின், படம் பாத்து உறுதி பண்ணிக்கங்க. ஃபேன் சுத்தலேன்னா எஸ்எம்பிஎஸ் அவுட். சுத்தினா ஆன் ஆகுதுன்னு மட்டும்தான் தெரியும், லோடு தாங்குமான்னு இதுல தெரியாது. எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் தயவுசெஞ்சு திறக்காதீங்க, பிளக்க எடுத்தப்புறமும் உள்ள கெப்பாசிட்டர்ல ஆபத்தான வோல்டேஜ் நிக்கும்.

ஃபேன் சுத்திட்டு உடனே நின்னா பெரும்பாலும் எங்கயோ ஷார்ட். கேபினட்ல போர்டுக்கு அடியில பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்ட தூக்கி நிறுத்தற குட்டி திருகுக்கால்) இருக்கும்ல, போர்டுல ஓட்டை இல்லாத இடத்துல ஒண்ணு மிச்சமா நின்னா அது போர்டோட பின்பக்கம் குத்திட்டு நிக்கும். போர்ட வெளிய எடுத்து அது வந்த அட்டைப்பெட்டி மேல வச்சு, ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின், 8 பின்னு ரெண்டு பவர் கேபிள் இவ்வளவு மட்டும் போட்டு ஸ்க்ரூ டிரைவரால ஆன் பண்ணுங்க. இங்க ஓடினா கோளாறு கேபினட்லயோ கழட்டி வச்ச பார்ட்லயோதான், இல்லேன்னா ப்ராசசர் உக்கார்ற சாக்கெட்ல பின் ஏதாவது வளைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

டிஸ்ப்ளே மட்டும் வரலேன்னா ரேம கழட்டி ரெண்டாவது ஸ்லாட்ல அழுத்தி மாட்டுங்க, மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டுல இருக்கான்னு பாருங்க. டிடிஆர்5 ரேம்னா மொத தடவை ட்ரெயினிங்குக்கு (போர்டு ரேமுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணிக்கறது) சில நிமிஷம் கருப்பாவே இருக்கும், நடுவுல ஆஃப் பண்ணாதீங்க.

கடைசில எஸ்எம்பிஎஸ் மாத்தித்தான் ஆகணும்னா பழைய மாடுலர் கேபிள (எஸ்எம்பிஎஸ் பக்கமும் கழட்டி மாட்டற மாதிரி இருக்கறது) புதுசுல சொருகாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி பின் வேற, எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே செகண்ட்ல போயிடும்.